மூடியிட்ட வெண்சாடி

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் அதன் கோட்டைகளையும் கோயில்களையும் கல்வெட்டுக்களையும் நாடிச் செல்வது இயல்பு. ஆயினும், வீட்டு மூலையில் வாய் பேசாது வீற்றிருக்கும் கலம் ஒன்று, சில வேளைகளிற் கல்வெட்டுச் சொல்லாத கதையையும் சொல்லவல்லது. யப்பான் நாட்டின் பழைய இல்லங்களிலும் நூதனசாலைகளிலும் காணப்படும் வெண்பீங்கான் சாடி அத்தகைய கலமாகும். அதன்மேற் பூவில்லை; கொடியில்லை; பொன்வரையும் இல்லை. தோள் திரண்டு, அடி சிறுத்து, வாய்க்குப் பொருந்திய மூடியொன்றைத் தாங்கி நிற்பது அது. அதன் வெண்மையோ சுண்ணாம்பின் வெண்மையன்று. விடியற்கால வானத்தின் நீலம் சிறிதே கலந்த வெண்மை. இத்துணை எளிய இக்கலம் நானூறு ஆண்டுகளாக யப்பானியரின் வாழ்விலும் சாவிலும் பங்குகொண்டு வந்திருக்கின்றது. தேநீர் விருந்தில் தண்ணீரும், தெய்வ மாடத்தில் நிவேதனமும், மருந்துக்கடையில் மருந்தும், அடுக்களையில் உப்பும், ஈற்றில் மனிதனின் எலும்பும் அதனுள் வைக்கப்பட்டன. அதன் பிறப்போ ஒரு கொடிய போரின் விளைவு.

பீங்கான் என்பது மட்பாண்டங்களுள் ஒருவகை என்று பொதுவாகக் கூறப்படினும், இரண்டுக்குமிடையே பெரும் வேறுபாடு உண்டு. குயவன் வனையும் சட்டி களிமண்ணால் ஆயது. அது நீரை உறிஞ்சும். தட்டினால் மந்தமாக ஒலிக்கும். பீங்கானோ, வெண்களியும் பளிங்குக் கல்லும் கலந்த பொருளை ஏறக்குறைய 1,300 பாகை சதமவளவை வெப்பத்திற் சுட்டுப் பெறப்படுவது. அவ்வெப்பத்தில் அப்பொருள் பாதி கண்ணாடியாக உருகி இறுகுகின்றது. அதனால் நீர் அதனுட் புகாது. மணமும் நிறமும் அதிற் பற்றா. விரலாற் சுண்டினால் வெண்கலம் போல ஒலிக்கும். இவ்வித்தையை முதன்முதற் கண்டவர் சீனர். அவர்களிடமிருந்து அதனை அறிந்த கொரியர், அதனைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டனர். கொரியாவை ஆண்ட சோசன் மரபினர் கொன்பூசியசின் நெறியைப் போற்றியவர்கள். ஆரவாரமற்ற வெண்மையே அறத்தின் நிறம் எனக் கொண்டவர்கள். ஆகவே அவர்தம் அரண்மனைப் பாண்டங்கள் வெண்பீங்கானால் அமைந்தன. யப்பானியரோ பதினாறாம் நூற்றாண்டின் இறுதிவரை பீங்கான் செய்ய அறியார். சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்தவற்றைப் பெருவிலை கொடுத்து வாங்கி, அருங்கலமாகப் பேணிவந்தனர்.

அக்காலத்திலே யப்பானின் பிரபுக்களிடையே தேநீர்க் கலை ஒரு பெரும் மோகமாகப் பரவியிருந்தது. நாட்டை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த தொயொத்தொமி ஹிதெயோஷி 1587ஆம் ஆண்டிற் கித்தானோ என்னுமிடத்தில் மாபெருந் தேநீர் விழா ஒன்றை நடத்தினான். அவனுக்குத் தேநீர்க் கலையில் ஆசானாக விளங்கிய சென் நோ ரிக்கியூ, 1591ஆம் ஆண்டில் அவனுடைய ஆணையாலேயே தன் வயிற்றைக் கிழித்து உயிர்விட நேர்ந்தது. நல்ல கிண்ணமொன்றுக்காக ஒரு சிற்றூரின் வருவாயையும் ஈயத் துணிந்த பிரபுக்கள் வாழ்ந்த காலம் அது. அத்தகையோர் கடல் கடந்து கொரியாவுக்குப் படைகொண்டு சென்றபோது, அவர்தம் கண்கள் பொன்னை மாத்திரம் தேடவில்லை. பொன்னினும் அரியதான கைத்திறனையும் தேடின.

1592ஆம் ஆண்டில் ஹிதெயோஷியின் படைகள் கொரியாவிற் புகுந்தன. இடையிட்டு மீண்டும் 1597இல் தொடங்கிய போர், 1598இல் அவன் இறந்ததோடு முடிவுற்றது. கொரியாவின் ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழ்பட்டன, பல்லாயிரவர் மடிந்தனர். வென்றெடுத்த நிலம் ஒரு சாணும் இன்றி யப்பானியர் திரும்பினர். ஆயின் அவர்கள் வெறுங்கையராய்த் திரும்பினாரல்லர். நெசவாளரும் அச்சுத் தொழிலாளரும் கற்றறிந்தோரும் குயவரும் அவர்தம் கப்பல்களிற் சிறையாக ஏற்றிச் செல்லப்பட்டனர். தென்பாலுள்ள கியூசூத் தீவின் பிரபுக்கள் ஒவ்வொருவரும் தத்தம் நாட்டிற் குயவரைக் குடியமர்த்தினர். இதனாலேயே பிற்காலத்தார் அப்போரைக் குயவர் போர் எனவும் அழைப்பாராயினர்.

அவ்வாறு சாகா நாட்டை ஆண்ட நபெஷிமா பிரபுவின் படையினராற் கொண்டுவரப்பட்டவருள் யி சம்பியொங் என்பவர் ஒருவர். கனகயே சன்பேய் என்ற யப்பானியப் பெயர் அவருக்கு இடப்பட்டது. அவர் பல இடங்களிற் சூளையிட்டுப் பார்த்தும் வெண்பீங்கானுக்கு ஏற்ற கல் அகப்படவில்லை. மலைகளையும் ஆற்றோரங்களையும் தேடித் திரிந்து, ஈற்றில் அரித்தா என்னும் மலைச் சிற்றூரிலே இசுமியாமா என்ற குன்றில் அக்கல்லைக் கண்டார் என்பது மரபு. அது 1616ஆம் ஆண்டென வழங்குகின்றது. அகழாய்வாளர் அரித்தாவின் பழஞ்சூளைகளைத் தோண்டி ஆராய்ந்தபோது, அவர் ஒருவரே அன்றி வேறு பலரும் அதே காலத்திற் பீங்கான் செய்ய முயன்றமை புலனாயிற்று. ஒரு கண்டுபிடிப்பின் புகழ் ஒருவர் பெயரிலே தங்குவது உலகியல்பு; அதன் உழைப்போ பலருடையது.

அப்பலருள் ஒரு பெண்மணியும் உளர். கொரியாவிலிருந்து தம் கணவருடன் வந்த அவர், 1618ஆம் ஆண்டிற் கணவர் இறந்தபின், தம்மவரான குடிசனத்தைத் தாமே தலைமை தாங்கி அழைத்துக்கொண்டு அரித்தாவிற் குடியேறினார். அவர்கள் ஏறக்குறைய தொள்ளாயிரவர் எனப் பரம்பரைச் செய்தி கூறும். அவருடைய இயற்பெயர் எவருக்கும் தெரியாது. நூறு வயதுக் கிழவி எனப் பொருள்படும் ஹியக்குபாசென் என்ற பெயராலேயே பின்வந்தோர் அவரை நினைவுகூர்ந்தனர். 1656ஆம் ஆண்டில், தொண்ணூற்றாறு வயதில் அவர் மறைந்தார். யி சம்பியொங் அதற்கு முந்திய ஆண்டில் மறைந்திருந்தார். இருவரும் தாயகத்தை மீண்டும் காணவில்லை.

இனி, வெண்சாடி உருவாகும் முறையைச் சிறிது நோக்குவது தகும். இசுமியாமாக் குன்றிலிருந்து வெட்டப்பட்ட கல் முதலிற் கையாற் பிரிக்கப்படும். இரும்புக் கறை படிந்த துண்டு ஒன்றேனும் கலந்துவிட்டால், சூளையில் அது கரும்புள்ளியாகத் தோன்றிச் சாடியின் வெண்மையைக் கெடுக்கும். ஓவியம் தீட்டிய கலமாயின் அப்புள்ளியை ஓர் இலைக்கோ பறவைக்கோ கீழே மறைத்துவிடலாம். வெறுமையான வெண்கலத்தில் எதனையும் மறைத்தல் இயலாது. ஆகவேதான், எல்லாவற்றிலும் எளிதாகத் தோன்றும் வெண்சாடி, செய்வோர்க்கு எல்லாவற்றிலும் கடினமாக அமைந்தது. பிரித்தெடுத்த கல்லை ஓடைநீரால் இயங்கும் உலக்கைகள் இடித்து மாவாக்கும். ஒரு முனையிலுள்ள தொட்டியில் நீர் நிரம்பியதும் அது தாழும். நீர் வெளியேறியதும் மறுமுனையிலுள்ள உலக்கை உரலில் வீழும். இரவும் பகலும் அவ்வொலி பள்ளத்தாக்கில் ஓயாது கேட்டவண்ணம் இருக்கும். மாவை நீரிற் கரைத்துத் தெளியவைத்து, நுண்ணிய வண்டலை எடுத்துப் பிசைந்து, சக்கரத்தில் வனைவர். மினுக்குப் பூச்சுக்கு அரைத்த கல்லுடன் இசு என்னும் மரத்தின் சாம்பலைக் கலப்பர்.

சாடியிலும் நுட்பமானது அதன் மூடி. பீங்கான் சூளையில் வேகும்போது சுருங்கும். சில வேளை கோணும். சாடியும் மூடியும் வெவ்வேறாகக் கோணினால் ஒன்றோடொன்று பொருந்தா. ஆதலால் மூடியைச் சாடியின்மேல் வைத்தே சுடுவது குயவர் வழக்கம். கோணினும் இரண்டும் ஒருங்கே கோணும். ஆயினும், பூச்சு உருகும்போது இரண்டும் ஒட்டிவிடுமன்றோ? அதனைத் தடுக்க, மூடி பொருந்தும் விளிம்பிலே பூச்சைத் துடைத்துவிடுவர். பழைய சாடியின் வாயை விரலாற் தடவினால், வழுவழுப்பான உடலுக்கு நடுவே சொரசொரப்பான அவ்விளிம்பு தட்டுப்படும். ஒரு சாடிக்குரிய மூடி வேறொரு சாடிக்கு இசைவதில்லை. பழங்கலங்களை ஆராய்வோர் முதலில் நோக்குவதும் இப்பொருத்தத்தையே.

மலைச்சரிவிற் படிப்படியாக ஏறிச்செல்லும் அறைகளையுடைய சூளைகளுக்குப் பைன் மரம் விறகாயிற்று. சூளைகள் பெருகவே காடுகள் அழிந்தன. 1637ஆம் ஆண்டில் நபெஷிமா ஆட்சியாளர் ஒரு கட்டளை பிறப்பித்தனர். காட்டைக் காக்கும் பொருட்டு அரித்தா, இமாரிப் பகுதிகளின் சூளைகள் பல மூடப்பட்டு, பதின்மூன்று இடங்களுக்குள் தொழில் ஒடுக்கப்பட்டது. எண்ணூறுக்கு மேற்பட்ட யப்பானியத் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். கொரியரின் கைத்தொழில் காக்கப்பட்டது. கூடவே அவர்கள் காவலுக்கும் உட்பட்டனர். தொழில் இரகசியம் வெளிச்செல்லாதவாறு ஊர் எல்லையிற் காவற்சாலைகள் அமைந்தன. சிறையாக வந்தவரின் வழித்தோன்றல்கள் மதிப்புக்குரிய குடிகளாயினர் என்பது உண்மை. அம்மதிப்புக்கும் ஒரு வேலி இருந்தது என்பதும் உண்மையே.

இக்கலத்தின் பயன்களுள் முதற்கண் கூறத்தக்கது தேநீர்க் கலையில் அது பெற்ற இடமாகும். ரிக்கியூ விரும்பியவை கரடுமுரடான மண்கலங்கள். அவருக்குப் பின் வந்த கொபொரி என்ஷூ முதலிய ஆசான்கள் ஒளியும் தெளிவும் பொருந்திய கலங்களையும் தேநீர்க் கூடத்திற் புகவிட்டனர். அவ்வாறே வெண்பீங்கான் சாடியும் நீர்ச்சாடியாகப் பயன்பட்டது. மிசுசாசி என அவர்கள் வழங்கும் அக்கலத்திற் புதிதாக மொண்ட தூய தண்ணீர் நிறைந்திருக்கும். அடுப்பின்மேலுள்ள இரும்புக் கெண்டியின் வெம்மையைத் தணிப்பதற்கும், குறைந்த நீரை நிரப்புவதற்கும், கிண்ணத்தைக் கழுவுவதற்கும் அந்நீரை மூங்கிலகப்பையால் எடுப்பர். விருந்தினர் கையிற் கிண்ணம் தவழும். தேயிலைத்தூட் சிமிழும் பார்வைக்காக அவர் கையிற் கொடுக்கப்படும். நீர்ச்சாடியோ விருந்தளிப்பவர் கையன்றிப் பிறர் கை படாது தன் இடத்திலேயே இருக்கும்.

நீர்ச்சாடிக்கு வாய்த்த மூடி இருவகைப்படும். சாடியோடு சேர்த்துச் சுட்டெடுத்த மூடி ஒன்று. கருமை நிற அரக்குப் பூசிய மரமூடி மற்றொன்று. வேறு பயனுக்காகச் செய்யப்பட்ட சாடியின் அழகைக் கண்டு அதனை நீர்ச்சாடியாக்க விரும்பும் தேநீர் ஆசான், அதன் வாய்க்கு அளவெடுத்து அரக்கு மூடி ஒன்றைச் செய்விப்பார். உப்போ மருந்தோ கிடந்த கலம் அம்மூடி ஒன்றினால் உயர்குடிப் பிறந்ததாகிவிடும். தேநீர்ச் சடங்கில் மூடியைத் திறப்பதற்கும் ஒரு வேளை உண்டு. மூடுவதற்கும் ஒரு வேளை உண்டு. தேநீர் பருகி முடிந்தபின் நீர்ச்சாடியின் மூடியை விருந்தளிப்பவர் மெல்லென இட்டதும், அதனையே குறிப்பாகக் கொண்டு தலைமை விருந்தினர் கலங்களைப் பார்வையிட அனுமதி கேட்பார். மூடி விழும் அச்சிற்றொலியோடு அன்றைய சந்திப்பு முடிவை நோக்கிச் செல்கின்றது.

யப்பானியரின் பூர்வீக சமயமான ஷிந்தோவிலும் வெண்மைக்குத் தனியிடம் உண்டு. இல்லத்தின் உயரமான இடத்தில் அமைந்த தெய்வ மாடத்தில் வைக்கும் பாண்டங்கள் யாவும் வெண்பீங்கானால் ஆயவை. அரிசிக்கும் உப்புக்கும் சிறு தட்டுக்கள், அரிசிமதுவுக்கு இரு குப்பிகள், தண்ணீருக்கு உள்ளங்கையில் அடங்கும் மூடியிட்ட சிறுசாடி ஒன்று. நாள்தோறும் காலையில் வீட்டார் அச்சாடியிற் புதுநீர் நிரப்பி, மாடத்தில் வைத்து, அதன் மூடியைத் திறந்து வணங்குவர். அழுக்கை உடனே காட்டிவிடும் நிறம் வெண்மை. அதனாலேயே அது தூய்மைக்குச் சான்றாயிற்று.

மாடத்திலிருந்து அடுக்களைக்கு இறங்கினால், அங்கும் இச்சாடியைக் காணலாம். உப்பு ஈரம் கசியாதிருக்கவும், சீனியை எறும்பு அணுகாதிருக்கவும், உப்பிட்ட பிளம் காய் தன் புளிப்பாற் கலத்தை அரிக்காதிருக்கவும் மூடியுள்ள பீங்கான் ஏற்றது. பெண்களின் முகப்பூச்சு மாவுக்கும் சிறிய பீங்கான் சிமிழ்கள் இருந்தன. பீங்கான் தொடக்கத்தில் எளியோர்க்கு எட்டாத பொருளாகவே இருந்தது. ஆகவே உடைந்தாலும் அதனை எறியார். தேநீர்க் கலங்களை அரக்கால் ஒட்டிப் பொன்தூள் தூவி அழகுபடுத்தும் வழக்கம் உலகெங்கும் பேசப்படுவது. சாதாரண மக்களின் வழக்கம் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியளவில் எதோ நகரத்துத் தெருக்களிற் பீங்கான் ஒட்டுவோர் திரிந்தனர். ஈயம் கலந்த கண்ணாடித் தூளை உடைவிற் பூசி, மீண்டும் சுட்டு, அவர்கள் கலத்தை இணைத்தனர். எவருடைய கலம் எது என மாறாதிருக்க, அதன் அடியிற் சொந்தக்காரரின் அடையாளத்தை எழுதினர். பழங்கலங்கள் சிலவற்றின் அடியில் அவ்வெழுத்துக்கள் இன்றும் உள.

அரித்தாவின் கலங்கள் கடல் கடந்த கதை ஒல்லாந்தரோடு தொடர்புடையது. 1641ஆம் ஆண்டுமுதல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியார் நாகசாக்கித் துறைமுகத்திலுள்ள தெஷிமா என்னும் சிறு செயற்கைத் தீவில் மாத்திரம் தங்கி வாணிகம் செய்ய விடப்பட்டனர். அக்காலத்திற் சீனாவில் மிங் மரபு வீழ்ச்சியுற்றது; 1644ஆம் ஆண்டிற்குப் பின் எழுந்த குழப்பத்தாற் சீனப் பீங்கான் வரவு குன்றியது. கும்பனியார் அரித்தாவை நாடினர். அவர்கள் முதலில் வாங்கியவற்றுள் முக்கியமானவை அரண்மனைகளை அலங்கரிக்கும் அருங்கலங்கள் அல்ல. பத்தாவியாவிலிருந்த கும்பனியின் மருந்துச்சாலைக்கு வேண்டிய சாடிகளும் குப்பிகளுமேயாம். களிம்பும் தைலமும் பாகும் வைப்பதற்கு, மணமும் நஞ்சும் பற்றாத பீங்கானிலும் சிறந்த கலம் வேறில்லை. அதே கும்பனியார்தாம் 1656இற் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அரித்தாவின் சூளைக்கு மருந்துச்சாடி வேண்டிய கையும், யாழ்ப்பாணக் கோட்டையிற் கொடி நாட்டிய கையும் ஒன்றே.

1659ஆம் ஆண்டிற் கும்பனியார் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கலங்களுக்கு ஒரே தடவையில் வேண்டுகோள் விடுத்தனர். மலைச் சிற்றூரொன்று அதனை நிறைவேற்ற ஆண்டுகள் சில பிடித்தன. வைக்கோல் சுற்றிய கலங்கள் இமாரித் துறையிற் கப்பலேறியமையால், அவற்றுக்கு இமாரிக் கலம் என்ற பெயரும் வழங்கலாயிற்று. இங்கிலாந்தின் இரண்டாம் மேரி அரசியார் இவற்றை விரும்பிச் சேர்த்தவர். மூடியுள்ள அறுகோணச் சாடியொருவகை அவருடைய ஹம்ப்டன் கோட் அரண்மனையின் பெயராலேயே இன்றும் குறிக்கப்படுகின்றது. சக்சனி நாட்டு மன்னன் அகஸ்தஸ், யப்பானியக் கலங்களை வைப்பதற்கென்றே டிரெஸ்டன் நகரில் ஒரு மாளிகையை ஒழுங்குசெய்தான். அவனுடைய ஆணையால் 1710ஆம் ஆண்டில் மெய்சனில் ஐரோப்பாவின் முதற் பீங்கான் தொழிற்சாலை எழுந்து, அரித்தாவின் கலங்களைப் பார்த்துப் படியெடுக்கத் தலைப்பட்டது. ஓவியமின்றிச் சென்ற வெண்கலங்கள் சிலவற்றின்மீது ஒல்லாந்தின் ஓவியர் தாமே வண்ணம் தீட்டி விற்றனர். வெறுமையை அழகென ஏற்க அவர்தம் வாடிக்கையாளர் இசையவில்லை போலும்.

வெண்மையிலும் வகையுண்டு. அரித்தாவின் கக்கியெமோன் குடும்பத்தார், வழக்கமான நீலச் சாயலை நீக்கி, அரிசி கழுவிய நீர் போன்ற இளஞ்சூடான வெண்மையைக் கண்டனர். நிகொஷிதெ எனப்படும் அவ்வெண்மையின் பக்குவம் பதினெட்டாம் நூற்றாண்டில் வழக்கொழிந்தது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் கக்கியெமோன்களான தந்தையும் மகனும் பல்லாண்டு முயன்று 1953ஆம் ஆண்டில் அதனை மீட்டனர். ஒரு நிறத்தை இழப்பதற்கு ஒரு தலைமுறையின் மறதி போதும். அதனை மீண்டும் பெற இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

எத்துணைக் காவல் இருந்தபோதும் தொழில் இரகசியம் நெடுங்காலம் ஓரிடத்தில் அடைபட்டுக் கிடப்பதில்லை. நாட்டின் நடுப்பகுதியிலுள்ள செத்தோ நகரத்துக் குயவரான கத்தோ தமிக்கிச்சி, 1804ஆம் ஆண்டிற் கியூசூவுக்குச் சென்று, ஆங்கு பீங்கான் தொழிலைக் கற்று, 1807ஆம் ஆண்டில் ஊர் மீண்டார். செத்தோ நகரிற் பீங்கான் தொழில் தழைத்தது. பிற்காலத்தில் அந்நகரின் சூளைகள் பெருந்தொகையாகச் செய்த கலங்களுள் ஒன்று, வெண்சாடியின் எல்லாப் பயன்களிலும் இறுதியானது. அதுவே எலும்புச் சாடி.

பிணத்தை எரிக்கும் வழக்கம் யப்பானிற் பௌத்தத்தோடு பரவியது. 1873ஆம் ஆண்டில் மெய்ஜி அரசாங்கம் அதனைத் தடை செய்து, நகரங்களிற் புதைக்க இடமின்றி இடர்ப்பட்டு, 1875ஆம் ஆண்டில் அத்தடையை நீக்கிற்று. இருபதாம் நூற்றாண்டில் எரித்தலே பொது வழக்கமாயிற்று. எரித்து எஞ்சிய எலும்பை நீரிற் கரைக்கும் மரபினர்க்கு யப்பானியரின் முறை புதுமையாகத் தோன்றலாம். அவர்கள் எலும்பைக் கரைப்பதில்லை. சாடியில் இட்டுக் காப்பர். சுடலையில், சாம்பற் படுக்கையைச் சூழ உறவினர் நிற்பர். இருவர் இருவராகச் சேர்ந்து, உணவுக்குச்சி போன்ற நீண்ட குச்சிகளால் ஓர் எலும்பை ஒருங்கே பற்றி எடுத்துச் சாடியில் இடுவர். முதலிற் பாதத்தின் எலும்பு, பின் கால், இடுப்பு, கை, ஈற்றில் தலை. இறந்தவர் சாடியினுள் தலைகீழாக இராது நிமிர்ந்திருத்தல் வேண்டும் என்பது கருத்து. கழுத்தெலும்புகளுள் ஒன்று அமர்ந்து தியானிக்கும் புத்தர் போன்ற வடிவுடையது. அதனை மிக நெருங்கிய உறவினர் கடைசியாக எடுத்து வைப்பர். பின்னர் மூடி இடப்படும். நாட்டின் கீழ்ப்பகுதியில் எலும்பு முழுவதையும் சேர்ப்பராதலின், சாடி இருபது சதமமீற்றருக்கு மேற்பட்ட அகலமுடையது. மேற்பகுதியிற் சிலவற்றையே எடுப்பராதலின் அது சிறியது. பெரும்பாலும் நாற்பத்தொன்பதாம் நாள்வரை அது வீட்டில் இருக்கும். அதன்பின் குடும்பக் கல்லறையில் வைக்கப்படும். உணவு உண்ணும்போது ஒருவர் குச்சியிலிருந்து மற்றொருவர் குச்சிக்கு எதனையும் மாற்றலாகாது என்ற கண்டிப்பு யப்பானில் உண்டு. அதன் காரணம் இச்சடங்கே.

இவ்வெண்சாடிக்கு நேர்ந்த பெருந்துயர் போர்க்காலத்தது. 1937ஆம் ஆண்டிற் சீனாவுடன் போர் மூண்டதும், மடிந்த படைவீரரின் எலும்புகள் வெண்துணி சுற்றிய பெட்டிகளில் ஊர் வந்தன. தோழனொருவன் பெட்டியைக் கழுத்திற் கட்டி மார்போடு அணைத்து வருவான். ஊரார் தெருவோரத்தில் தலைதாழ்த்தி நிற்பர். போர் பசிபிக் தீவுகளுக்குப் பரவி, படைகள் காடுகளிலும் கடலிலும் அழிந்தபோது, எடுப்பதற்கு எலும்பும் எரிப்பதற்கு உடலும் இல்லாதுபோயின. ஆயினும் பெட்டிகள் வந்தவண்ணம் இருந்தன. வீட்டார் திறந்து பார்த்தால், சிலவற்றில் ஒரு கல் இருந்தது, சிலவற்றில் மணல், சிலவற்றிற் பெயரெழுதிய ஒரு துண்டுக் காகிதம். பாதத்திலிருந்து தலைவரை ஒழுங்காக எலும்பு அடுக்கும் மரபிலே வளர்ந்த தாய்க்கு, ஒரு கல்லை எந்த ஒழுங்கில் வைப்பது?

அப்போரில் யப்பானுக்கு வெளியிலும் ஒக்கினாவா, இவோ ஜிமாத் தீவுகளிலும் மாண்ட யப்பானியர் ஏறக்குறைய 24 இலட்சம். அவருள் 11 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் இன்னும் நாடு திரும்பவில்லை. கொண்டுவரப்பட்டும் பெயர் அறியப்படாதவற்றுக்காக 1959ஆம் ஆண்டில் டோக்கியோவிற் சிதொரிகஃபுச்சி என்னுமிடத்தில் நினைவாலயம் அமைந்தது. ஏறக்குறைய 3,70,000 பேரின் எச்சங்கள் அங்கு உள. அவற்றின் ஒரு பகுதியைத் தாங்கும் கலத்தைப் பேரரசர் வழங்கினார். அது தேயிலைச் சாடியின் வடிவில் அமைந்தது. ஹிரோசிமா நகரில் 1955ஆம் ஆண்டில் எழுந்த நினைவு மேட்டின் அடியில், அணுகுண்டால் மாண்ட ஏறக்குறைய 70,000 பேரின் சாம்பல் உண்டு. பெயர் தெரிந்தும் கொண்டுசெல்ல உறவினர் வராத எண்ணூற்றுச் சொச்சம் பேரின் எச்சங்கள் தனித்தனிப் பீங்கான் சாடிகளிற் காத்திருக்கின்றன. ஆண்டுதோறும் நகராட்சியார் அப்பெயர்ப் பட்டியலை வெளியிடுகின்றனர். அந்நகரில் மாண்டவருள் கொரியரும் பல்லாயிரவர். அவர்க்கெனச் 1970இல் எழுப்பிய நினைவுக்கல், 1999ஆம் ஆண்டிலேயே அமைதிப் பூங்காவினுள் இடம்பெற்றது.

கொரியாவுக்கு யப்பான் பட்ட கடனை உணர்ந்த யப்பானியர் சிலரும் இருந்தனர். அவ்வுணர்வைத் தூண்டியதும் ஒரு வெண்சாடியே. 1910ஆம் ஆண்டில் யப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1914ஆம் ஆண்டில், கொரியாவில் ஆசிரியராயிருந்த அசக்காவா நொரித்தக்கா, அறிஞர் யனகி சோயெற்சுவின் வீட்டுக்கு வரும்போது சோசன் காலத்து வெண்பீங்கான் சாடியொன்றைக் கையுறையாகக் கொணர்ந்தார். பட்டைதீட்டிய அதன் மேனியில் நீல நிறப் புல்லிதழ்கள் சில மாத்திரம் வரையப்பட்டிருந்தன. அதுவரை மேனாட்டுக் கலையில் ஈடுபட்டிருந்த யனகியின் மனம் அச்சாடியாற் கொரியாவின்பால் திரும்பியது. 1919ஆம் ஆண்டில் விடுதலை கோரிய கொரியர் கொடுமையாக ஒடுக்கப்பட்டபோது, இத்துணை அழகைப் படைத்த மக்களை இவ்வாறு நடத்துதல் தகாதென அவர் பத்திரிகையில் எழுதினார். 1924ஆம் ஆண்டில் அசக்காவா சகோதரருடன் சேர்ந்து, கொரிய மக்கட் கலைக்கென ஒரு நூதனசாலையைச் சியோல் நகரின் பழைய அரண்மனை வளவில் திறந்தார்.

சகோதரருள் இளையவரான தக்குமி, கொரியாவில் வனத்துறை உத்தியோகத்தர். காடழிந்த மலைகளில் மரம் நடுவது அவர் தொழில். அவர் கொரிய உடை உடுத்தார். கொரிய மொழி பேசினார். எளிய மக்களின் பாண்டங்களைப் பற்றி நூல் எழுதினார். 1931ஆம் ஆண்டில், நாற்பது வயதில் அவர் இறந்தபோது, அயலிலிருந்த கொரியரே அவருடைய பாடையைச் சுமந்தனர். சியோலிலுள்ள அவருடைய கல்லறையின் அருகே, தமையனார் வகுத்த வடிவிற் கற்சின்னமொன்று உண்டு. அது பட்டைதீட்டிய ஒரு சாடி.

அரித்தா ஊரின் குன்றின்மேலுள்ள கோயிலில், நபெஷிமா பிரபுவும் அவனுடைய படையினராற் கொண்டுவரப்பட்ட யி சம்பியொங்கும் ஒருங்கே வணங்கப்படுகின்றனர். கோயிலின் தோரண வாயிலும் பீங்கானால் ஆயது. அதற்கும் மேலே, மலையுச்சியில், 1917ஆம் ஆண்டில் ஊரார் யி சம்பியொங்குக்கு ஒரு தூண் நாட்டினர். ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கு விழா நடைபெறுகின்றது. கீழே பள்ளத்தாக்கிற் சூளைகள் உள. எதிரே, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வெட்டப்பட்டு ஒரு பெருங்குழியாகிவிட்ட இசுமியாமா உண்டு. ஒரு மலை முழுவதும் கலங்களாகி உலகெங்கும் சென்றுவிட்டது. அம்மலையை முதலில் அடையாளம் கண்டவரோ தம் ஊருக்குத் திரும்பாமலேயே மறைந்தார். வெண்சாடியின் மூடியைத் திறப்போர் அதனுள் தண்ணீரைக் காணலாம், உப்பைக் காணலாம், உற்றாரின் எலும்பைக் காணலாம். அதனை வனைந்த கைகளின் வரலாறும் அங்கேதான் இருக்கின்றது.